ஒரு தடையும் பல தோட்டாக்களும்

வேட்டை ரைபிளின் குழல் என்றென்றும் நிலைத்திருப்பதன்று. ஒவ்வொரு முறை சுடும்போதும் கொதிக்கும் வாயு அதன் உட்புறத்தை அரிக்கின்றது. மழைக்காலத்து ஈரம் துருவை ஏற்றுகின்றது. குழலினுள் வெட்டப்பட்டிருக்கும் சுருள்வரிகள் நாளடைவில் மழுங்கிப் போகின்றன. குறி தவறத் தொடங்குகின்றது. அந்நிலையில் துப்பாக்கியை எறிந்துவிட வேண்டுவதில்லை. கட்டையையும், தோட்டாவைத் தாங்கிப் பூட்டும் இயந்திரப் பகுதியையும் அப்படியே வைத்துக்கொண்டு, குழலை மட்டும் மாற்றிவிடலாம். ஆனால், குழலை மாற்றுவதென்று முடிவு செய்தவுடனே வேறொரு வினா எழுந்துவிடும். பழைய தோட்டாவுக்கே புதுக் குழல் அமைப்பதா? இதுவே தக்க சமயம் என்று, அதனினும் வலியதொரு தோட்டாவுக்கு அமைப்பதா?

இதை வேட்டைக்காரர் தம் விருப்பப்படி முடிவு செய்யும் காரியம் என்றே எவரும் எண்ணுவர். ஆனால், இருபதாம் நூற்றாண்டின் முதற் பகுதியில் இந்தியாவில் இந்தத் தேர்வைப் பெரும்பாலும் செய்தது வேட்டைக்காரர் அல்லர், அரசாங்கத்தின் அச்சம். அந்த வரலாற்றை இன்று சற்றே விரித்துச் சொல்ல விரும்புகின்றேன்.

நேயர்களில் பலர் துப்பாக்கியைத் தொட்டே இருக்க மாட்டார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு நம் நாட்டில் வேட்டை விளையாட்டு என்பது முடிவுற்றது. அது முடிவுற்றதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. ஆயினும் வரலாறு விளங்க வேண்டுமானால் சில சொற்களை முதலில் விளக்கிவிட வேண்டும். தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் பொட்டுப்போல் பதிந்திருக்கும் கேப்பு, கூட்டினுள் வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு என்னும் நான்கும் சேர்ந்தது. குழலின் உள்விட்டத்தை ஆங்கிலேயர் அங்குலத்தின் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று குறிப்பார்கள். 450 என்றால், ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் 450 பங்கு. ஏறத்தாழப் பதினொன்றரை மில்லிமீட்டர். குண்டின் எடையைக் கிரெயின் கணக்கில் சொல்வார்கள். 7000 கிரெயின் ஒரு பவுண்டு. குண்டு குழலைவிட்டு வெளிவரும்போது அதனிடம் இருக்கும் ஆற்றலை அடி-பவுண்டு என்னும் அளவையால் அளப்பார்கள். ஒரு பவுண்டு எடையை ஓர் அடி உயரத்துக்குத் தூக்கும் வேலையே ஓர் அடி-பவுண்டு.

கரிய வெடிமருந்தின் காலத்தில் வலிமை வேண்டுமானால் குண்டைப் பெரிதாக்குவது தவிர வேறு வழியில்லை. இலங்கையில் நுவரெலியாவில் குடியேறி யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் பெரிய ரைபிள் ஒன்று 21 பவுண்டு கனம் இருந்தது. அக்காலத்தில் 'நாலாம் நம்பர்' குழல் என்றால், ஒரு பவுண்டு ஈயத்தை நான்கு உருண்டைகளாக்கி அதில் ஓர் உருண்டை நுழையும் குழல் என்பது பொருள். எண் சிறியதானால் குழல் பெரிது! இந்தக் கணக்கு மாணவர்களை எவ்வளவு குழப்பும் என்பதை ஆசிரியத் தொழில் செய்தவர்கள் அறிவார்கள். அந்தத் துப்பாக்கியைத் தூக்கிச் செல்ல ஓர் ஆள் வேண்டும். சுட்டால் தோள் ஒடியும். புகை மண்டி, யானை எப்பக்கம் ஓடிற்று என்பதே தெரியாது.

1884ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பால் வியேய் என்பவர் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். பிரிட்டனில் ஆபெல், டியூவர் என்னும் இருவர் 1889ஆம் ஆண்டில் 'கார்டைட்' என்னும் மருந்தை உருவாக்கினார்கள். இம்மருந்தைக் கொண்டு 1898ஆம் ஆண்டில் லண்டனில் ஜான் ரிக்பி நிறுவனம் 450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்னும் தோட்டாவை வெளியிட்டது. அது எத்தகைய மாறுதல் என்பதைக் காண, அதே 450 குழல் அளவில் பிரிட்டிஷ் படை 1871 முதல் கையாண்ட மார்ட்டினி-ஹென்றி ரைபிளை அருகில் வைத்துப் பார்க்கலாம். மார்ட்டினியின் குண்டு 480 கிரெயின். ரிக்பியின் குண்டும் 480 கிரெயினே. மார்ட்டினியில் கரிய மருந்து 85 கிரெயின். ரிக்பியின் தோட்டாவில் கார்டைட் 70 கிரெயின் மட்டுமே. ஆயினும் மார்ட்டினியின் குண்டு நொடிக்கு 1350 அடி வேகத்தில் போயிற்று; ரிக்பியின் குண்டு 2150 அடி வேகத்தில் போயிற்று. ஆற்றலைக் கணக்கிட்டால், முன்னது ஏறத்தாழ 1940 அடி-பவுண்டு. பின்னது 4900 அடி-பவுண்டுக்கு மேல். குழலும் அதுவே, குண்டின் எடையும் அதுவே, மருந்தோ குறைவு. ஆற்றல் மட்டும் இரண்டரை மடங்கு!

இதனால் பத்துப் பதினோரு பவுண்டு கனமுள்ள ஓர் இரட்டைக்குழல் ரைபிளைக் கொண்டு, முன்பு 21 பவுண்டுத் துப்பாக்கி செய்த வேலையைச் செய்ய முடிந்தது. யானைக்கும் காட்டெருமைக்கும் வேறு தோட்டா வேண்டா என்னும் எண்ணம் பரவிற்று. இந்தியாவுக்குப் பணியாற்ற வந்த ஆங்கில அதிகாரிகள் பலருக்கு இதுவே உகந்த தோட்டாவாயிற்று.

இங்கேதான் தடை குறுக்கிட்டது. மார்ட்டினி-ஹென்றி ரைபிள்களைப் பிரிட்டிஷ் படை 1888 முதல் படிப்படியாக விலக்கி, 303 அளவுள்ள ரைபிளுக்கு மாறிவிட்டது. ஆனால், விலக்கப்பட்ட பழைய மார்ட்டினிகள் மாய்ந்துவிடவில்லை. வடமேற்கு எல்லைப்புறத்துப் பட்டாணியர் கைகளிலும் சூடானிலும் அவை ஏராளமாக இருந்தன. ஓமான் நாட்டு மஸ்கட் துறைமுகத்தின் வழியே நடந்த ஆயுத வாணிபம் அவற்றின் தொகையைப் பெருக்கிற்று. ஆதம் கேல் அப்ரீதியரின் தர்ரா ஊரில் கம்மியர்கள் அவற்றைப் பார்த்து அப்படியே செய்தார்கள். அந்தத் துப்பாக்கிகளுக்கெல்லாம் வேண்டிய குண்டின் அளவு 450. வேட்டைக்காரருக்கென்று கப்பலில் வந்து இறங்கும் 450 தோட்டாக்களிலிருந்து குண்டுகளைப் பிடுங்கி எதிரிகள் தங்கள் மார்ட்டினிகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் அன்றோ? இந்த அச்சத்தால் 1907ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் இந்தியாவிலும் சூடானிலும் 450 அளவுத் தோட்டாக்களின் இறக்குமதியைத் தடுத்துவிட்டது.

இந்த அச்சத்துக்கு அடிப்படை சிறிதும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தடை குறி தவறியது என்பதே என் கருத்து. ரிக்பியின் தோட்டா மூன்றேகால் அங்குல நீளமுள்ள நேரான கூடு. மார்ட்டினியின் கூடோ அடி பருத்துக் கழுத்துச் சிறுத்த குட்டையான சீசா போன்றது. ஒன்று மற்றொன்றின் அறையில் நுழையாது. பிடுங்கி எடுத்த குண்டு மட்டுமே பயன்படும். ஈயத்தைக் காய்ச்சித் தாமே குண்டு வார்க்கத் தெரிந்த மலைவாசிகள், விலைமிக்க வேட்டைத் தோட்டாவை நாடித் திரிய வேண்டிய தேவை என்ன?

இதில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியர் அனுமதிச்சீட்டு இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கலாகாது. பயிரைப் பன்றி அழித்தாலும், ஊருக்குள் சிறுத்தை நுழைந்தாலும் குடியானவர் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். ஐரோப்பியருக்கோ அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. ஆளப்படுவோரிடம் கொண்ட அச்சத்தால் பிறந்த அந்தச் சட்டம் ஆள்வோரைத் தொடவில்லை. அதே அச்சத்தால் பிறந்த 1907ஆம் ஆண்டுத் தடையோ, துரைமார்களின் சொந்த அலமாரியில் இருந்த ரைபிளையே பயனற்றதாக்கிற்று. கையிருப்புத் தோட்டா தீர்ந்தால் அது வெறும் இரும்பு.

இனி, 450 ரைபிள் ஒன்றை வைத்திருந்தவரின் நிலையிலிருந்து பார்ப்போம். அதை விற்றுவிட்டு வேறு வாங்கலாம். அல்லது சீமைக்கு அனுப்பிக் குழலை மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதானால் எந்தத் தோட்டாவுக்கு? நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு விடை சொல்லின. ஹாலண்டு நிறுவனம் 465 என்றது. ஜோசப் லாங் நிறுவனத்தின் ஆக்கம் 470. ஜெஃப்ரி நிறுவனம் 475 இரண்டாம் எண் என்றது. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனம் 476 என்றது. பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு, இவ்வளவு நெருக்கமான எண்கள் எதற்கு என்னும் ஐயம் எழும். இவை யாவும் 450 என்னும் தடைக்கல்லைச் சுற்றிக்கொண்டு போன பாதைகள். வேலை ஏறத்தாழ ஒன்றே. 465இன் குண்டு அதே 480 கிரெயின், வேகம் அதே 2150 அடி. 470இன் குண்டு 500 கிரெயின், வேகம் அதே 2150 அடி. ஆற்றல் 5100 அடி-பவுண்டுக்குச் சற்று மேல். இவற்றுள் 470ஐப் பல நிறுவனத்தாரும் எடுத்துக் கையாண்டதால், அதற்குத் தோட்டா கிடைப்பது எளிதாயிற்று. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் அதுவே மற்றவற்றைவிடப் புகழ்பெற்றது. சிறப்பால் வென்றது என்பதைவிடக் கடையில் கிடைத்ததால் வென்றது என்பதே பொருந்தும்.

எண்களை நம்பி ஏமாறக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கின்றேன். 450/400 என்று ஒரு தோட்டா உண்டு. பெயரில் 450 இருக்கின்றது. ஆனால் தடைக்கு உட்படவில்லை. 450 தோட்டாவின் கூட்டை எடுத்து, கழுத்தை இறுக்கி, 400 அளவுக் குண்டைச் செருகியது அது. ஆகவே குழலின் அளவு 400தான். 400 கிரெயின் குண்டை நொடிக்கு 2100 அடி வேகத்தில் செலுத்திய இத்தோட்டா, இந்தியாவில் புலி வேட்டைக்குப் பெரிதும் விரும்பப்பட்டது. ஜிம் கார்பெட்டும் இதைக் கையாண்டிருக்கின்றார்.

தோட்டாவைத் தேர்ந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. இயந்திரப் பகுதி இசைய வேண்டும். இரட்டைக்குழல் ரைபிளில் இரு குழல்களும் இணையாக இருப்பனபோல் தோன்றினும், உண்மையில் முனைநோக்கிச் சற்றே நெருங்கி அமைந்தவை. குறித்த தூரத்தில் இரு குண்டுகளும் ஒரே இடத்தில் பட வேண்டும். அதற்காகத் தொழிலாளர் சுட்டுப் பார்த்து, குழல்களுக்கிடையே உள்ள ஆப்பை நகர்த்தி, மீண்டும் சுட்டு, பொறுமையாக ஒழுங்குபடுத்துவர். அந்த ஒழுங்கும் ஒரே ஒரு வகைத் தோட்டாவுக்குத்தான் செல்லும். மருந்தின் அளவோ குண்டின் எடையோ மாறினால் இரு குண்டுகளும் இரு திசையில் போகும். ஆகவே இரட்டைக்குழலை மாற்றுவதென்றால், ரைபிளின் விலையில் பெரும்பகுதியை மீண்டும் கொடுக்க நேரும். 470 கூட்டின் அடிவிளிம்பு 450ஐவிட அகலமானது. அதனால் தோட்டாவை வெளித்தள்ளும் உறுப்பையும் திருத்த வேண்டும். 1872ஆம் ஆண்டில் உரிமை பெற்ற ஃபார்க்கர்சன் அமைப்பு போன்ற ஒற்றைக்குழல் ரைபிளில் இந்தத் தொல்லைகள் மிகக் குறைவு.

போல்ட் ரைபிளின் சிக்கல் வேறு வகை. ஜெர்மானிய மௌஸரின் 1898ஆம் ஆண்டு அமைப்பு மிக உறுதியானது. ஆனால் தோட்டாவின் அடியைப் பற்றும் போல்ட்டின் முகப்பு ஓர் அளவுக்கே செய்யப்பட்டது; தோட்டாப் பெட்டியின் நீளமும் வரையறுக்கப்பட்டது. பருத்த தோட்டாவை அதில் எப்படிப் புகுத்துவது? வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனம் 1909ஆம் ஆண்டில் இதற்கு அழகானதொரு வழி கண்டது. 425 என்னும் அவர்களுடைய தோட்டாவின் உடல் பருமன். அடிவிளிம்பு மட்டும் உடலைவிடச் சிறியது. பெரிய பானைக்குச் சிறிய பிரிமணை வைத்தாற்போன்ற அமைப்பு. இதனால் சாதாரண மௌஸரின் போல்ட்டே அதைப் பற்றிக்கொண்டது. 410 கிரெயின் குண்டை நொடிக்கு 2350 அடி வேகத்தில் அது செலுத்திற்று. ரிக்பி நிறுவனமோ எதிர்த்திசையில் சென்றது. 1911ஆம் ஆண்டில் வந்த அவர்களுடைய 416 தோட்டாவின் கூடு மிகப் பெரியது. அதற்கு நீளமான தனி மௌஸர் அமைப்பே வேண்டும். செலவு மிகுதி. ஆனால் பெரிய கூட்டிலே அடங்கிய மருந்து எரியும்போது அழுத்தம் குறைவாக இருக்கும்.

அழுத்தம் குறைவாக இருப்பது நம் நாட்டு வேட்டைக்கு இன்றியமையாதது. கார்டைட் வெப்பத்துக்கு மிகவும் வசப்படுவது. சீமையின் குளிரில் ஒழுங்காக இருந்த தோட்டா, சித்திரை வெயிலில் காய்ந்தபின் அழுத்தத்தை மிகுதியாக எழுப்பும். சுட்டபின் கூடு அறையில் ஒட்டிக்கொண்டு வெளிவர மறுக்கும். எதிரே புலி நிற்கும்போது அது மறுத்தால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இதற்காகவே வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைச் சற்றுக் குறைத்த தோட்டாக்களைச் செய்தார்கள். ஆகவே மிக வலிய தோட்டாவைப் பட்டியலில் பார்த்துத் தேர்ந்தவர், அந்த வலிமை முழுவதையும் இந்தியாவில் பெற்றார் என்று கொள்வதற்கில்லை.

குழல் மாறியபின் சட்டப்படி லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள சோதனைச் சாலையில் ரைபிளை மீண்டும் சோதிக்க வேண்டும். வழக்கத்துக்கு மேற்பட்ட அழுத்தமுள்ள தோட்டாவைச் சுட்டு, குழலும் பூட்டும் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். 'கார்டைட் 70, குண்டு 480, உச்ச அளவு' என்ற முறையில் அதன் வரம்பையும் பொறிப்பார்கள். பழைய ரைபிள் ஒன்றின் குழலடியைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைப்பவர்கள் அந்தப் பொறிப்பைக் காணலாம். ஒரு ரைபிளின் வாழ்க்கைக் குறிப்பு முழுவதும் அதில் இருக்கின்றது.

இவ்வளவு வலிமையும் வேண்டுமா என்று கேட்டவர்களும் அக்காலத்திலேயே இருந்தனர். ஆப்பிரிக்காவில் பெல் என்னும் வேட்டைக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளை வீழ்த்தினார். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அவர் கையாண்டது 275 என்னும் ஏழு மில்லிமீட்டர்ச் சிறு குழல். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை இருக்கும் இடத்தை எக்கோணத்திலிருந்தும் அறிந்திருந்தார் அவர். 1907ஆம் ஆண்டில் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை ஜிம் கார்பெட் வீழ்த்தினார். அவருக்கு ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹெவெட் பரிசாக வழங்கியதும் ரிக்பி நிறுவனத்தின் 275 ரைபிளே. 1926ஆம் ஆண்டில் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையின் கொடுமைக்கு முடிவு கண்டது அத்தகைய சிறு ரைபிள்தான். பெங்களூரில் வாழ்ந்து, நம் சேலம், தர்மபுரிக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடித் திரிந்த கென்னத் ஆண்டர்சன், 405 வின்செஸ்டர் என்னும் அமெரிக்க ரைபிளை விரும்பினார். அது நடுத்தர ஆற்றலே உள்ளது. எனினும் பெல்லைப் பின்பற்றிச் சிறு ரைபிளோடு யானைமுன் நின்றவர்கள் எல்லோரும் பெல் ஆகிவிடவில்லை. நெருக்கமான புதருக்குள் பாய்ந்து வரும் காட்டெருமையைத் தடுத்து நிறுத்த, பெருங்குழலுக்கே மதிப்பு இருந்தது. இந்த வழக்கு இன்றும் தீரவில்லை.

450ஐப் போலவே 303ஐயும் இந்தியாவில் பொதுமக்கள் வைத்திருக்கவிடாமல் அரசாங்கம் விலக்கி வைத்தது. படையின் தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக் கூடாது என்பது கொள்கை. ஆனால் 303 ரைபிளின் லீ அமைப்பு மலிவானது, உறுதியானது, பல்லாயிரக்கணக்கில் செய்யப்பட்டது. அதை விட்டுவிட மனமில்லை. அதே அமைப்பில் வேறு குழலைப் பொருத்தினால் என்ன? அதற்கு இசைந்த தோட்டா ஆஸ்திரியாவில் கிடைத்தது. எட்டு மில்லிமீட்டர் மான்லிகர்த் தோட்டாவின் அடிவிளிம்பு 303இன் விளிம்பை ஏறத்தாழ ஒத்தது; நீளமும் அப்பெட்டிக்குள் அடங்கியது. அதற்கு 315 என்று பெயரிட்டு, அந்தக் குழலோடு இந்தியாவுக்கென்றே ரைபிள்கள் செய்தார்கள். படைத் துப்பாக்கியின் உடல், படைக்கு உதவாத குழல்! கல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாப்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலை, நாடு விடுதலை பெற்றபின்பும் இந்த 315 ரைபிளைச் செய்துவந்தது. வெள்ளையர் போனபின்னும், தடுக்கப்பட்ட குழல், தடுக்கப்படாத குழல் என்னும் பாகுபாடு நம் ஆயுத விதிகளில் நிலைத்துவிட்டது.

பெருங்குழல்களின் கதைக்கு மீண்டும் வருவோம். பிரிட்டனில் இத்தோட்டாக்களைச் செய்துவந்த கைனாக் நிறுவனம் 1960களில் அவற்றைச் செய்வதை நிறுத்தத் தொடங்கிற்று. 465, 470, 475 ஆகியவற்றுக்கு மாறியவர்கள், 1907ஆம் ஆண்டில் 450 வைத்திருந்தவர்களின் நிலைக்கே வந்து சேர்ந்தார்கள். இம்முறை தடுத்தது அரசாங்கமன்று, வாணிபம். ஆப்பிரிக்காவில் வேட்டைத் தொழில் செய்தவர்களுக்கு அப்போது கைகொடுத்தது, 1956ஆம் ஆண்டில் அமெரிக்க வின்செஸ்டர் நிறுவனம் வெளியிட்ட 458 மாக்னம். அது 500 கிரெயின் குண்டை உடையது, குட்டையான கூடு, சாதாரண மௌஸர் அமைப்பிலேயே பொருத்திக்கொள்ளத் தக்கது. குழல் மாற்றுவோருக்கென்றே செய்ததுபோல் அமைந்தது. குட்டைக் கூட்டில் மருந்தை நெருக்கித் திணித்ததனால் வேகம் சில சமயம் குறைந்தது என்னும் குறையும் அதற்கு உண்டு.

அந்த 458 தோட்டாவின் குண்டையும் ரிக்பியின் பழைய 450 குண்டையும் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் இரண்டின் விட்டமும் ஒன்றே. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 458 பங்கு. 450 என்னும் பெயர் குழலின் வரிகளுக்கு இடையே எடுத்த அளவு. 458 என்பது குண்டின் அளவு. 1907ஆம் ஆண்டில் கப்பலிலிருந்து இறக்க விடாமல் தடுத்த அதே பருமனுள்ள குண்டு, ஐம்பது ஆண்டு கழித்து வேறு பெயரில் கடைக்கு வந்தது.